அவள் வரைந்த பச்சைக் கோடு

வீட்டில் என்னை "ஏங்க" என்று கூப்பிடும் என் மனைவி, திங்கட்கிழமை காலைகளில் மட்டும் "சார்" என்பாள்.

"அடுத்து வைட்ஃபீல்ட் சைட். சார், நீங்க சொல்லுங்க" என்று நீளமான மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் முதல் தடவை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவள் சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு, அவளைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் அழைத்து வந்திருந்தேன். இரண்டாவது வாரம் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாங்கள் இருவரும் ஒரே கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் தலைமை அலுவலகம். நான் வைட்ஃபீல்டில் எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்துக்கு சைட் இன்ஜினியர். அப்போது அந்தப் பக்கமெல்லாம் தைலமரத் தோப்பும் செம்மண்ணும்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் ஒரு சிவப்புப் படலம் வந்து உட்காரும். அவளுக்குத் தலைமை அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, திட்டப் பிரிவில் வேலை. பிரிவு என்றால் அவளும் ஒரு கம்ப்யூட்டரும்தான். அந்த இடம் காலியாக இருக்கிறது, விண்ணப்பம் போடு என்று அவளிடம் சொன்னவனே நான்தான். அதைப் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டேன்.

என் ஊர் திருப்பத்தூர். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கிறது. மாமனார் கர்நாடக அரசில் நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், அது அவருக்கே தெரியாது. அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். "வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கோம், நீ மாடியோட மாப்பிள்ளை" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் சுலபமானது. முதலாளி கோலார் பக்கத்து மனிதர், தமிழ் நன்றாகப் பேசுவார். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார். "எழுபது பர்சென்ட் சார்" என்போம். "செலவு?" என்பார். சொல்வோம். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் டீ வரும்.

அவள் சேர்ந்த மாதமே இது மாறிப்போனது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் அவள் கற்றுக்கொண்டு வந்த முறை அது. எர்ன்டு வேல்யூ என்றாள். ஈட்டிய மதிப்பு. முதல் கூட்டத்தில் கண்ணாடித் தாள் ஒன்றை ப்ரொஜெக்டர் மேல் வைத்தாள். சுவரில் மூன்று கோடுகள் விழுந்தன.

"ஒரு மாடிக்குப் பத்து தூண்னு வெச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தாள். "இன்னிக்கு அந்தப் பத்தும் நின்னிருக்கணும். அதுதான் நம்ம திட்டம், நீலக் கோடு. ஆனா ஏழுதான் நிக்குது. ஏழு தூணுக்கு நாம ஒதுக்கின தொகை எவ்வளவோ, அவ்வளவுதான் நாம இதுவரைக்கும் சம்பாதிச்சது. அது பச்சை. இப்ப பில்லையெல்லாம் கூட்டிப் பார்த்தா ஒன்பது தூணுக்கான பணம் போயிருக்கு. அது சிவப்பு. பத்துல ஒன்பது செலவாயிருக்கு, அதனால ஒன்பது வேலை முடிஞ்சிருக்கும்னுதான் நாம இவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தோம்."

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ நாம லேட்டும் ஆயிருக்கோம், அதிகமாவும் செலவு பண்ணியிருக்கோம். அப்படித்தானே மேடம்?"

"ஆமா சார். ரெண்டையும் தனித்தனியா பார்க்கலாம்."

பதினேழு வருஷமாகக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மனிதர், சுவரில் இருந்த அந்த மூன்று கோடுகளை ஏதோ எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என்னிடம் ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. வெயிலில் நின்று அந்த ஏழு தூணையும் எழுப்பியவன் நான். எட்டாவது தூண் எழவில்லை என்பதை நிழலில் உட்கார்ந்து சொன்னவள் அவள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தூண்கள் என் சைட்டுடையவை என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

நிறுவனத்துக்கு அப்போது இருந்த இன்னொரு பெரிய வேலை, பன்னேர்கட்டா சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதைப் பார்த்துக்கொண்டவர் ஹூப்ளிக்காரர். என்னைவிட இரண்டு வயது பெரியவர், மெதுவாகப் பேசுவார், சட்டையில் ஒரு துளி சிமென்ட் ஒட்டியிருக்காது. பச்சைக் கோட்டைச் சிவப்புக் கோட்டால் வகுத்து வாராவாரம் ஒரு எண் சொல்வாள் என் மனைவி. ஒன்றுக்கு மேலே போனால் நல்லது, கீழே இறங்கினால் கெட்டது. அவருடையது ஒன்றைத் தாண்டி நிற்கும். என்னுடையது ஒன்றை எட்டியதே இல்லை.

அவருடைய எண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூட்டம் முடிந்ததும் அவரும் அவளும் ஜன்னலோரம் நின்று கன்னடத்தில் பேசுவதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எனக்குக் கன்னடம் வேலைக்குப் போதுமான அளவு தெரியும். கம்பி, மணல், தண்ணீர் லாரி, நாளைக்கு வா. அவர்கள் பேசியது அந்தக் கன்னடம் இல்லை. அவள் சின்ன வயதில் தெருவில் விளையாடிய கன்னடம். அவர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், ஆனால் தமிழில் நான் அதை வரவழைத்ததில்லை.

ஒரு நாள் ஸ்கூட்டரில் போகும்போது, ட்ரினிட்டி சர்க்கிள் சிக்னலில் நின்று கேட்டேன்.

"அப்படி என்ன சொன்னாரு அவரு?"

"யாரு?"

"உன் பன்னேர்கட்டா ஆளு."

"அவரு சைட்ல குரங்கு வந்து, மட்டம் பார்க்கற லெவல் ட்யூபை எடுத்துட்டுப் போயிடுச்சாம். அதுக்குப் போய் இப்படிக் கேக்கறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"அவரோட ரிப்போர்ட் சுத்தமா இருக்கும்ங்க. போய்ப் பார்த்தா, எழுதினது எழுதின மாதிரியே இருக்கும்" என்றாள், நான் கேட்காமலே. பச்சை விளக்கு விழுந்தும் நான் கிளம்பவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அடுத்த மாதம் அவள் என் சைட்டுக்கு அளவெடுக்க வந்தாள். மூன்றாவது மாடிச் சுவர் வேலை எண்பது சதவீதம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சுடிதாரோடு தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றாள். அங்கே சுவர்கள் ஜன்னல் உயரம்வரைதான் இருந்தன.

"இதுக்கு மேல லின்டல் போடணும், அதுக்கு மேல இன்னும் கல்லு வைக்கணும். இது எப்படிங்க எண்பது?"

"கல்லு வந்து இறங்கிடுச்சு. ஆளு இருக்கு. இன்னும் நாலஞ்சு நாள்."

"நாலஞ்சு நாள் கழிச்சு எண்பது போடறேன். இன்னிக்கு அறுபது."

பக்கத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். நீலசந்திராவில் குடியிருந்த வயதான தமிழர், எனக்கு மிகவும் வேண்டியவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணல் சலிப்பவர்களை அதட்டப் போய்விட்டார். அவர் போனது எனக்காகத்தான் என்பது எனக்குப் புரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று மாலை வீட்டுப் படியேறும்போது மாமனார் கீழேயிருந்து கேட்டார். "மாப்ளே, சைட் எப்படி போறது?"

"நல்லா போகுது மாமா."

"நம்ம பொண்ணுகிட்ட கேட்டா ஆபீஸ் விஷயம் வீட்ல பேசமாட்டேங்கறா. கெட்டிக்காரி. உங்க முதலாளி கோயில்ல என்னைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? உங்க மகளால கம்பெனிக்கே கண்ணு திறந்ததுன்னு. கேளி, எவ்வளவு பெரிய மாத்து."

பெரிய வார்த்தைதான். அன்று ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னேன். உப்பு சரியாகவே இருந்தது.

ஹூப்ளிக்காரரை நான் முதன்முதலாகத் தனியாகச் சந்தித்தது, தலைமை அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில். அவராகவே வந்து பக்கத்தில் நின்றார். தனக்கும் ஒரு டீ சொன்னார்.

"தப்பு திள்கோபேடி சார்" என்று ஆரம்பித்து, எனக்காகத் தமிழுக்கு வந்தார். "தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கென்ன, நிம்மதி. திங்கட்கிழமை என்ன வரும்னு ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சிடும். மேடம் வர்றாங்கன்னா எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது. நீங்க வீட்லயே கேட்டுக்கலாம். எனக்கு யாரு இருக்கா?"

அவர் கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அவருக்கு என்மேல் பொறாமை. எனக்கு அவர்மேல் இருந்ததுபோலவே, நாள்பட்ட, நன்றாக ஊறிய பொறாமை.

"எனக்கும் திங்கட்கிழமைதான் தெரியும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்தார். "நான் முதலாளிகிட்ட சொல்லிட்டேன் சார். நேரா சொல்றதுதானே மரியாதை. வீட்டுக்காரர் சைட்டை வீட்டுக்காரம்மாவே அளக்கறது சரியில்லைன்னு. மேடம் மேல எனக்கு மரியாதை. ஆனா சரியில்லை."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அறுபதுக்கு மேல் ஒரு புள்ளி தராதவள் எனக்குச் சலுகை காட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி யோசித்தார். அடுத்த வாரமே என் சைட்டை அவளிடமிருந்து எடுத்து, கல்லூரி முடித்து அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். முடிவைக் கேட்டதும் என் மனைவி, "சரி சார். இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். எனக்கோ, சட்டைக்குள் புகுந்த எறும்பு வெளியே போனதுபோல் இருந்தது.

புதிய பெண் ரொம்பவும் சுறுசுறுப்பு. சைட்டுக்கு வந்தாள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அந்த மாதம் பார்த்து லிஃப்ட் இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தன. ஏ.சி. கருவிகளும் அலுமினியச் சட்டங்களும் தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கியிருந்தன. கட்டடத்தின் மதிப்பில் பெரிய பங்கு இவைதான். அவள் அவற்றையும் முடிந்த வேலையாகச் சேர்த்துக்கொண்டாள். பொருள் வந்துவிட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது, மதிப்பு ஈட்டியாகிவிட்டது என்பது அவள் கணக்கு. நான் சேர்க்கச் சொல்லவில்லை. அவள் என்னைக் கேட்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சுவரில் என் பச்சைக் கோடு மாடிப்படி மாதிரி ஒரே தாவாகத் தாவி ஏறியது. எண் முதல் தடவையாக ஒன்றைத் தாண்டியது. முதலாளி என் தோளைத் தட்டினார். ஹூப்ளிக்காரர் என் பக்கம் திரும்பிக் கைகொடுத்தார். அவர் கை சில்லென்று இருந்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் மைசூர்பாக் வாங்கினேன். மாமனாருக்குக் கீழே ஒரு டப்பா, எங்களுக்கு மேலே ஒரு டப்பா. என் மனைவி ஒரு துண்டை எடுத்துப் பாதி கடித்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

"இனிப்பா, என் ரிப்போர்ட்டா?"

"இனிப்பு."

"ரிப்போர்ட்?"

"அது இப்ப என் வேலை இல்லைங்க."

அவள் ஒரு வார்த்தை பாராட்டியிருந்தால் முதலாளி தட்டியதையெல்லாம் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். மீதிப் பாதியை வாயில் போட்டுக்கொண்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் பச்சைக் கோடு அசையவில்லை. அதற்கும் அடுத்த வாரமும் இல்லை. பெட்டியில் இருந்த லிஃப்டுக்கு முழு மதிப்பையும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டாகிவிட்டது. இப்போது அதை மாட்டுவதற்கு ஆள் வந்தார்கள், கூலி போனது, ஆனால் சேர்த்துக்கொள்ளப் புதிதாக மதிப்பு எதுவும் மிச்சமில்லை. சிவப்புக் கோடு மட்டும் நிதானமாக ஏறி வந்து என் பச்சையைத் தொட்டது, தாண்டியது. இதற்கு நடுவில், கட்டடத்தின் சொந்தக்காரர்கள் முன்பக்கச் சுவரும் ஜன்னலும் வேண்டாம், முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று மனம் மாறியிருந்தார்கள். புதிய வரைபடங்கள் துண்டு துண்டாக வந்தன. ஆட்கள் சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

புதிய பெண் கூட்டத்தில் எழுந்து, "எங்க தப்புன்னு தெரியல சார்" என்றாள். முதலாளி பெருமூச்சு விட்டு என் மனைவி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே பாருங்க. யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன்."

"பார்க்கறேன் சார். ஆனா அளவெடுக்கும்போது பன்னேர்கட்டா சாரும் கூட வரணும். அவர் கையெழுத்தும் வேணும்" என்றாள் அவள்.

அப்படித்தான் என் மனைவியும் நான் பொறாமைப்பட்ட மனிதரும் சேர்ந்து, டேப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, என் கட்டடத்தை மாடி மாடியாக அளந்தார்கள். நான் சாவியை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர்கள் எண்களைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டார்கள். எண்களாவது எனக்குப் புரிந்தன.

அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டுவிட்டேன்.

"எப்ப முடியும்னு போட்டிருக்கே?"

அவள் ஈர வேட்டியை உதறினாள். "உங்ககிட்ட இன்னிக்கு சொன்னா பன்னேர்கட்டா சாருக்கும் அவர் சைட் கணக்கை இன்னிக்கே சொல்லணும்."

"நான் உன் புருஷன்."

"அதுக்காகத்தான் சொல்லாம இருக்கேன்."

"நான் லாயக்கில்லைன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் சுவத்துல காட்டப்போறே. அதை இங்கயே சொல்லிடு. உங்கப்பாவும் கீழ கேக்கட்டும். அந்த ஹூப்ளிக்காரன் கூடவே நின்னு அளந்தானே, அவனும் வரட்டும்."

அவள் கையிலிருந்த துணி க்ளிப்பைக் கொடியில் மாட்டினாள். "உங்களைப் பத்தி நான் ஒரு வரி எழுதினதில்லை. கட்டடத்தைப் பத்தித்தான் எழுதறேன். ரெண்டும் ஒண்ணுன்னு நீங்களா நினைச்சுக்கறீங்க. இன்னொண்ணு. அவரைப் பத்திப் பேசும்போது மரியாதையாப் பேசுங்க. உங்க சைட்டுக்கு வந்து வெயில்ல நின்னாரு, அவருக்கு ஒரு லாபமும் இல்லாம."

சொல்லிவிட்டு மீதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே தன் அம்மாவிடம் போய்விட்டாள். மத்தியானம் வரை வரவில்லை. நான்தான் மீதியைக் காயப்போட்டேன்.

திங்கட்கிழமை அவள் காட்டியது இரண்டு படங்கள். முதல் படம் பழையபடி. பெட்டியில் இருந்ததெல்லாம் கழிக்கப்பட்டு, பச்சைக் கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கியிருந்தது. இந்த வேகத்தில் போனால் ஏப்ரலில் முடிய வேண்டியது செப்டம்பரில் முடியும் என்றாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ரெண்டாவது" என்றாள். "கண்ணாடி முகப்பு நம்ம பழைய திட்டத்திலேயே இல்லை. அந்தச் செலவையும் பழைய திட்டத்தோட சேர்த்தே கணக்குப் போட்டுக்கிட்டு வந்திருக்கோம். அதைத் தனியா பிரிச்சுட்டேன். வரைபடம் வராம ஆள் சும்மா இருந்த செலவையும் பிரிச்சுட்டேன். பிரிச்சதும் மீதி வேலை எப்படி இருக்குன்னு பாருங்க."

பிரித்ததும் என் எண் ஒன்றை ஒட்டி வந்திருந்தது. ஒன்றைத் தொடவில்லை. கொஞ்சம் கீழே. அந்தக் கொஞ்சத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"இவ்வளவும் கட்டடச் சொந்தக்காரங்க பொறுப்பு. ஆதாரத்தோட கேக்கலாம்" என்று முடித்தாள். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். அந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அவர் கட்டடத்தின் சொந்தக்காரர்களிடம் போனார். ஐந்து மாதம் நீட்டிப்பும், கூடுதல் வேலைக்குத் தனி ஒப்பந்தமும் கிடைத்தன. அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜாமூன் கொடுத்தார்கள். "மேடம் காப்பாத்திட்டாங்க" என்றார்கள். காப்பாற்றப்பட்டவன் நான் என்பதால் என்னையும் வாழ்த்தினார்கள். ஹூப்ளிக்காரர் என்னிடம் வந்து, "உங்க சைட்டை அளந்தபோதுதான் தெரிஞ்சது சார், நீங்க சொன்னது நிஜம். அவங்க வீட்ல ஒண்ணும் சொல்றதில்லை" என்றார். நாங்கள் அதற்குப் பிறகு நண்பர்களானோம். இன்றும் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் மனசு ஆறவில்லை. என்னைத் தோற்கடித்திருந்தால் அவள்மேல் கோபப்பட்டிருக்கலாம். அவளோ என்னைக் காப்பாற்றி, அந்தப் பெருமையையும் தன் பக்கமே சேர்த்துக்கொண்டுவிட்டாள். அவள் சேர்த்துக்கொள்ளவில்லை, அதுவாகப் போய்ச் சேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கட்டடம் செப்டம்பரில்தான் முடிந்தது. முடிந்த கொஞ்ச நாளில் அவளுக்கு வைட்ஃபீல்டில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கட்டடத்துக்குப் போட்ட அதே கணக்கை மென்பொருளுக்குப் போட வேண்டும். காலையில் ஏரிக்கரை முனையில் அவளுக்கு ஏ.சி. வைத்த கம்பெனி பஸ் வரும். ஸ்கூட்டர் பழுதாகும் நாட்களில் நான், அந்தப் பக்கமே இருந்த என் அடுத்த சைட்டுக்கு, அதே சாலையில் டவுன் பஸ்ஸில் போவேன். கே.ஆர். புரத்துக்குப் பக்கத்தில் அவள் பஸ் எங்களைத் தாண்டும். கறுப்புக் கண்ணாடி என்பதால் அவள் எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியாது. இருந்தாலும் குனிந்து பார்ப்பேன்.

புது வேலையில் அவள் முதல் முறையாகத் தடுமாறினாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"யாரைக் கேட்டாலும் தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுதுங்கறாங்க. போன மாசமும் தொண்ணூறு, இந்த மாசமும் தொண்ணூறு. உங்க சைட்ல சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இங்க எதைத் தொட்டுப் பார்க்கறது?"

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்ததை மறைக்கக் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டேன்.

"நீங்க எப்படிப் பார்ப்பீங்க? ஒரு வேலை நிஜமா முடிஞ்சுதுன்னு?"

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்க எத்தனையோ திங்கட்கிழமைகள் காத்திருந்தவன் நான். யோசித்துத்தான் சொன்னேன். "கொத்தனாரைக் கேட்டா முடிஞ்சுதும்பான். பூச்சுக்காரன் வந்து, இந்தச் சுவர் சரி, நான் ஆரம்பிக்கறேன்னு சொன்னாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அடுத்த ஆள் ஏத்துக்கணும். அதுவரைக்கும் சைபர்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முதலாளி சுவரைப் பார்த்த மாதிரி.

"இதை ஏன் அப்ப சொல்லல? எண்பதுன்னு எழுதிக் கொடுத்தீங்களே."

"அப்ப நீ என்னைக் கேக்கல."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சிரிப்பேதான்.

சில மாதம் கழித்து அவள் நிறுவனத்தில் குடும்ப விழா ஒன்று நடந்தது. புல்வெளியில் ஷாமியானா, குழந்தைகளுக்கு ராட்டினம், வரிசையாக உணவு மேஜைகள். அவளுடைய மேலதிகாரி சென்னைக்காரர், கையில் தட்டோடு எங்களிடம் வந்தார்.

"சார், உங்க மிஸஸ் ஒரு ரூல் கொண்டு வந்தாங்க பாருங்க. அடுத்த டீம் ஏத்துக்கற வரைக்கும் முடிஞ்ச வேலைக்கு மதிப்பு சைபர். அவ்வளவுதான். ஒரே வரி. இந்தத் தொண்ணூறு பர்சென்ட் கதையெல்லாம் ஒரே மாசத்துல நின்னு போச்சு. எங்க அமெரிக்கா ஆபீஸ்லயும் இதை எடுத்துக்கிட்டாங்க."

நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கட்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்கிறாளா என்று பார்ப்போம் என்றிருந்தது.

அவள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அது என்னோடது இல்லை சார். இவர் சொன்னது. இவர் சைட்ல அப்படித்தான் பார்ப்பாங்க. நான் அன்னிக்கே மீட்டிங்ல சொன்னேனே."

மேலதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்காம பேசறாங்க பாருங்க. குடுத்து வெச்சவர் சார் நீங்க." என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்த குடும்பத்திடம் நகர்ந்தார்.

"நிஜமாத்தான் சொன்னேன், நம்பமாட்டேங்கறாரு" என்றாள் அவள் வருத்தத்தோடு. "திங்கட்கிழமை மறுபடியும் சொல்றேன்."

"வேண்டாம், விடு" என்றேன். அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிவரப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. அங்கே நின்றபடி திரும்பிப் பார்த்தபோது அவளைச் சுற்றி இன்னும் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அவள் கையை அசைத்து அசைத்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.